இலக்கணம் சரி, வீட்டுப்பாடம் 100, பிறகு ஏன் 84?

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகளான ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் ஆங்கில வகுப்பில் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தில் 100, எழுத்தில் இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் மொத்தம் 84-இல் நிற்கிறது. ஒரு வேலையைத் தாமதமாகக் கொடுத்ததற்குப் பூஜ்யம் விழுந்திருக்கிறது. “டீச்சர் மனம்போன போக்கில் போடுகிறாரா? போய்க் கேட்கலாமா? டியூஷன் வைக்கலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

நான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவள். இதே கேள்வியோடு வரும் நம் பெற்றோர்களை அடிக்கடி பார்க்கிறேன். கணக்கும் அறிவியலும் இங்கே எப்படி மதிப்பிடப்படுகின்றன என்பது அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில்தான் தடுமாறுகிறார்கள். பையன் நன்றாகப் பேசுகிறான், பிழையில்லாமல் எழுதுகிறான், பிறகு எங்கே குறைகிறது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். பெரும்பாலும் குறைவது மொழியில் இல்லை, விளக்கத்தில். இந்தப் பதிலில் அதிக இடம் அதற்குத்தான்.

முதலில் அந்த நான்கு பக்கத் தாளை எடுங்கள். அதில் செல்போன் விதி, தாமதமாக வருவது, கழிப்பறைக்குப் போகும் அனுமதி எல்லாம் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, எந்த வகை வேலைக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் சின்ன அட்டவணையைத் தேடுங்கள். மதிப்பெண் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, கட்டுரைகளும் பெரிய ப்ராஜெக்டுகளும் 60 சதவீதம், க்விஸ் 20, வீட்டுப்பாடம் 10, வகுப்பில் பங்கேற்பு 10 என்று வைத்துக்கொள்வோம். பையன் வீட்டுப்பாடத்தில் 100, பங்கேற்பில் 95, க்விஸ்ஸில் 90, கட்டுரைகளில் 78 வாங்குகிறான். அவன் மொத்தம் 84.3. வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியும் அதிலிருந்து வந்தது 10 மதிப்பெண்தான். அதே பையன் கட்டுரையில் 78-இலிருந்து 88-க்கு ஏறினால் போதும், மற்றவை அப்படியே இருந்தாலும் மொத்தம் 90.3 ஆகிவிடும், பல பள்ளிகளில் அது ஏ மைனஸ். வேறு எந்த வகையிலும் இவ்வளவு ஏற்றம் கிடைக்காது. பள்ளிக்குப் பள்ளி சதவீதம் மாறும், ஆனால் உயர் வகுப்புகளில் கட்டுரைதான் கனமான பக்கம்.

ஆகவே 78 ஏன் வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கான விடை ரூப்ரிக் என்ற கட்டம் போட்ட தாளில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையோடும் ஆசிரியர் இதைக் கொடுத்திருப்பார், அல்லது கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் போன்ற வகுப்பு இணையதளத்தில் ஏற்றியிருப்பார். இடப்பக்கம் அளவுகோல்கள், மேலே நிலைகள். எதை வைத்து எடை போடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள, பிள்ளைகள் பின்னாளில் எழுதும் ஏ.பி. (உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) ஆங்கிலத் தேர்வின் ரூப்ரிக்கைப் பார்ப்பது நல்லது. பல ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே அதன் எளிய வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏ.பி. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி. வாதத்தைத் தெளிவாக முன்வைக்கும் மையக் கருத்துக்கு 1. சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் சேர்த்து 4. சிந்தனையின் ஆழத்துக்கு 1. இலக்கணத்துக்கென்று தனி வரிசையே கிடையாது. படிப்பவருக்குப் புரியாத அளவுக்குப் பிழைகள் மலிந்திருந்தால் மட்டும் அந்த நான்கில் கடைசிப் புள்ளி கிடைக்காது. ஆறில் நான்கு புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் பிள்ளைகள் நழுவவிடுவதும் அங்கேதான்.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு வீட்டில் மூத்த மகன் இறந்துவிடுகிறான். மிச்சம் மூன்று பேர். ஆனால் அம்மா தினமும் மேசையில் நான்கு தட்டு வைக்கிறாள். சாப்பிட்டு முடிந்ததும் அப்பா நான்கு தட்டையும் கழுவி அடுக்குகிறார். கட்டுரைக் கேள்வி: இந்தக் குடும்பம் இழப்பை எப்படி எதிர்கொள்கிறது?

78 வாங்கும் பத்தி இப்படி இருக்கும்: “மகன் இறந்த பிறகும் அம்மா நான்கு தட்டு வைக்கிறாள். அப்பா எதுவும் பேசவில்லை, தட்டுகளைக் கழுவுகிறார். இதிலிருந்து அந்தக் குடும்பம் மிகவும் சோகமாக இருக்கிறது என்று தெரிகிறது. ஒருவரை இழந்தால் மறப்பது கடினம்.” பிழையே இல்லை. ஆனால் முதல் இரண்டு வாக்கியமும் கதையைத் திருப்பிச் சொல்வது, மூன்றாவது யாரும் மறுக்க முடியாதது, நான்காவது எந்தக் கதைக்கும் பொருந்துவது.

90-ஐத் தாண்டும் பத்தி இப்படி: “யாரும் சாப்பிடாத தட்டைக் கழுவத் தேவையில்லை. ஆனாலும் அப்பா நான்காவது தட்டையும் கழுவுகிறார். அதைக் கழுவாமல் அலமாரியில் வைத்திருந்தால், அதில் யாரும் சாப்பிடவில்லை என்று மனைவியின் முன் ஒப்புக்கொண்டது போலாகும். தட்டு வைப்பது அம்மாவின் துக்கம் என்றால், அதைக் கழுவுவது அந்தத் துக்கத்துக்கு அவர் தரும் துணை. இருவரும் மகனைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேச வேண்டியதை வீட்டு வேலையின் வழியாகச் செய்து முடிக்கிறார்கள்.”

இரண்டையும் எழுதிய பிள்ளைகளின் ஆங்கிலம் ஒரே தரம்தான். இரண்டாவது பிள்ளை ஒரு சின்ன விவரத்தைப் பிடித்துக்கொண்டு, “ஏன் இதைச் செய்தார்? செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று விடாமல் கேட்டிருக்கிறாள். ஆசிரியர்கள் ஓரத்தில் “மேலும் விளக்கு”, “அதனால் என்ன?” என்று எழுதும்போது கேட்பது இதைத்தான். நம் பிள்ளைகளில் பலர் இந்தக் குறிப்பைப் பார்த்ததும் இன்னும் இரண்டு மேற்கோளைச் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறான திசை. மேற்கோளை ஒன்றாகக் குறைத்து, அதன்மீது மூன்று வாக்கியம் எழுத வேண்டும். நம் ஊர்ப் பள்ளியில் கேட்டதற்குச் சரியான விடையைப் புத்தகத்தில் உள்ளபடி எழுதிப் பழகிய நமக்கு, சொந்தமாக ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வாதாடுவது அதிகப்பிரசங்கித்தனமாகக்கூடத் தோன்றும். இங்கே அதற்குத்தான் மதிப்பெண். இதைப் பெற்றோர் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அனுமதி கிடைத்தது என்று தெரியும் வரை சில பிள்ளைகள் துணிய மாட்டார்கள்.

இனி, டீச்சர் மனம்போன போக்கில் போடுகிறாரா என்பது. இந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இரண்டு ஆங்கில விடைத்தாள்களை நகலெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்களின் மதிப்பெண்கள் வந்து சேர்ந்தன. ஒரே தாளுக்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். இன்னொரு தாளுக்கு 50-இலிருந்து 97 வரை. ஆங்கிலம் என்பதால்தான் இப்படி என்று எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே ஒரு வடிவியல் விடைத்தாளை அனுப்பிப் பார்த்தார்கள். அதில் வித்தியாசம் இன்னும் அதிகம்: 28-இலிருந்து 95 வரை.

ரூப்ரிக் என்ற ஏற்பாடு இன்று எங்கும் இருப்பதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். நல்ல பள்ளிகளில் ஒரே வகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உட்கார்ந்து சில மாதிரிக் கட்டுரைகளைத் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை ஒப்பிட்டு, ஏன் வேறுபட்டோம் என்று பேசிவிட்டுத்தான் மற்றவற்றைத் திருத்துவார்கள். சிலர் பெயரை மறைத்துத் திருத்துவார்கள். இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று மதிப்பெண் இப்படி அப்படி இருக்கத்தான் செய்யும். 84-க்கும் 86-க்கும் நடுவே நியாயம் தேடிப் போகாதீர்கள். ரூப்ரிக்கில் ஒரு நிலை முழுவதும் தவறாகப் போடப்பட்டது என்று காட்ட முடிந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

பூஜ்யத்துக்கு வருகிறேன். ஐந்து வேலைகளில் 90, 92, 88, 95 வாங்கி ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 73. மீதி நான்கின் சராசரி 91.25. ஏ வாங்க வேண்டிய பிள்ளை ஒரே பூஜ்யத்தால் சி-க்கு இறங்கிவிடுகிறான். நூறு புள்ளி அளவில் எஃப் மட்டும் 0 முதல் 59 வரை நீள்கிறது, மற்ற எழுத்துகளுக்குப் பத்துப் பத்துப் புள்ளிதான். அதனால்தான் இவ்வளவு அடி. இது அநியாயம் என்று கருதும் பள்ளிகள் எதற்கும் 50-க்குக் கீழே போடுவதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. அதே கணக்கில் பூஜ்யத்துக்குப் பதில் 50 என்றால் சராசரி 83. கொடுக்காத வேலைக்கு எப்படி 50 என்று எதிர்ப்பவர்களும் உண்டு. டெக்சாஸில், மாணவர் எந்த அளவு கற்றார் என்று பாராமல் குறைந்தபட்ச மதிப்பெண் போடும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2009-இல் சட்டமே போட்டார்கள். எனக்குப் பிடித்தது, வேலை வந்து சேரும் வரை அந்த இடத்தைக் காலியாக வைத்து, மதிய இடைவேளையில் பிள்ளையை உட்கார வைத்து முடிக்கச் செய்வது. கட்டுரையை எழுதவே வேண்டாம் என்று பூஜ்யத்தோடு விட்டால் அவன் கற்றுக்கொள்ள வேண்டியது போய்விடுகிறது. ஆனால் இது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம்.

தாளில் தாமதத்துக்கான விதியைப் பாருங்கள். நாளுக்கு 10 சதவீதம் குறைப்பது பரவலான வழக்கம். சிலர் பருவத்துக்கு ஒன்றிரண்டு தாமதச் சலுகை தருவார்கள். காய்ச்சல் போன்ற காரணத்தால் வராமல் இருந்து பள்ளி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியிருந்தால் இந்த வெட்டு பொருந்தாது; எத்தனை நாள் வரவில்லையோ பெரும்பாலும் அத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும். நம்மில் சிலர் ஊருக்குப் போகும்போது பள்ளிக்குச் சொல்லாமலே மூன்று வாரம் போய்விடுகிறோம். அது அனுமதி பெறாத விடுப்பு ஆகிவிடும், அந்த நாட்களின் வேலைக்குப் பூஜ்யம் விழுந்தால் வாதாட இடம் இருக்காது. டிக்கெட் போட்டதுமே சொல்லிவிடுங்கள். திருத்தி எழுதிக் கொடுக்க அனுமதி உண்டா என்பதையும் தாளில் தேடுங்கள். உண்டு என்றால் அதை ஒருமுறைகூட விடக் கூடாது. ஏ வாங்கும் பிள்ளைகள் பயன்படுத்தி, பி வாங்கும் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விடும் வாய்ப்பு இது. இரண்டாவது வரைவில்தான் எழுத்து கைவருகிறது.

பங்கேற்பு மதிப்பெண் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சம் உலுக்கும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்துவிட்டு, வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கும் சாக்ரட்டிக் செமினாரில் திடீரென்று பேசு என்றால் எப்படிப் பேசுவான்? அதற்கும் பெரும்பாலும் ரூப்ரிக் இருக்கும்: நூலில் ஓர் இடத்தைச் சுட்டிப் பேசினானா, இன்னொருவர் சொன்னதைத் தொடர்ந்தானா, கேள்வி எழுப்பினானா. எத்தனை முறை பேசினான் என்பதைவிட இவைதான் கணக்கு. முந்தின இரவே பக்க எண்ணோடு இரண்டு கேள்வி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசவே நடுங்கும் பிள்ளை என்றால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லலாம். எழுத்தில் பங்கேற்க வழி செய்து தருபவர்கள் உண்டு.

நேர்மை பற்றிய பத்தியை ஒருமுறைக்கு இருமுறை பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதாகக் கொடுப்பது இங்கே தலைமையாசிரியர் வரை போகும் விஷயம். டர்ன்இட்இன் போன்ற மென்பொருள் காட்டும் ஒப்புமைச் சதவீதம் பொருந்திய சொற்களின் அளவுதான். முறையாகக் குறிப்பிட்ட மேற்கோளும் அதில் வரும், எனவே 15 சதவீதம் என்று பார்த்ததும் பதற வேண்டாம். செயற்கை நுண்ணறிவு விஷயம் இதைவிடச் சிக்கல். ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா சாட்ஜிபிடி எழுதியதா என்று உறுதியாகச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. எனவே உங்கள் மகன் கட்டுரையை முதல் வரியிலிருந்து கூகுள் டாக்ஸிலேயே எழுதட்டும். எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தான், எதை அழித்தான் என்ற பதிப்பு வரலாறு அதில் தானாகவே பதிவாகும். சந்தேகம் எழுந்தால் அவன் பக்கம் நிற்கும் சாட்சி அதுதான். வேறு இடத்தில் எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்தச் சாட்சி இருக்காது. இலக்கணம் திருத்தும் செயலிகளுக்கு அனுமதி உண்டா என்பதும் வகுப்புக்கு வகுப்பு மாறும். தாளில் இல்லாவிட்டால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

84 எதிர்காலத்தைக் கெடுத்துவிடுமா என்ற பயமும் கேள்வியின் அடியில் இருக்கிறது. 84 என்பது பல பள்ளிகளில் பி, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரியான ஜி.பி.ஏ. கணக்கில் 4-க்கு 3. கல்லூரிகளுக்குப் போகும் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் ஏறுவது பெரும்பாலும் பருவ இறுதி மதிப்பெண் மட்டுமே, நடுவில் ஆப்பில் ஏறி இறங்கும் எண் இல்லை. கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பையும் பார்க்கின்றன. ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜி.பி.ஏ. கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது. அங்கே சேர நான்கு ஆண்டு ஆங்கிலம் கட்டாயம், ஒவ்வொன்றிலும் சி-யாவது வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பி வாங்கிப் பதினொன்றில் ஏ-க்கு ஏறும் பிள்ளைக்குக் கதவு எதுவும் மூடிவிடவில்லை. மதிப்பெண் காட்டும் ஆப்பை இரவு பதினொரு மணிக்குத் திறந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது பிள்ளைக்கும் உங்களுக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

டீச்சரிடம் கேட்கலாமா? கேட்க வேண்டும், ஆனால் முதலில் கேட்பவன் மகனாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இங்கே எதிர்பார்ப்பதே அதுதான். மின்னஞ்சல் நான்கு வரி போதும். பெயரும் எந்தப் பீரியட் என்பதும் முதலில். பிறகு, “ரூப்ரிக்கில் விளக்கம் என்ற வரிசையில் எனக்கு இரண்டாம் நிலை வந்திருக்கிறது. என் இரண்டாவது பத்தியில் எந்த இடத்தில் விளக்கம் போதவில்லை என்று காட்ட முடியுமா? செவ்வாய் பள்ளி முடிந்ததும் வரலாமா?” என்று கேட்கட்டும். “ஏன் எனக்கு 78?” என்று கேட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்லுவார். பத்தியைக் காட்டிக் கேட்டால் எழுதக் கற்றுத்தருவார். அப்படி வரும் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். பின்னாளில் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவரும் இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அதற்குப் பிறகும் தெளிவு வராவிட்டால் நீங்கள் பேசுங்கள். ஆசிரியர், கவுன்சிலர் (பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் ஆலோசகர்), துணை முதல்வர் என்ற வரிசையில் போங்கள். நேராக முதல்வரிடம் போனால் அவர் திருப்பி ஆசிரியரிடம்தான் அனுப்புவார். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்ட 45 நாளுக்குள் பள்ளி காட்ட வேண்டும். மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் கோரலாம். ஆசிரியரின் மதிப்பீடு சரியா என்று எதிர்த்து வாதாட அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. இன்னொன்று: வந்து இரண்டே ஆண்டு என்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்பதால் பள்ளி ஆங்கிலத் திறன் சோதனை வைத்து, தேவை என்றால் உதவி தந்திருக்க வேண்டும். அது நடந்ததா என்று கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். வாசிப்பதில் அவனுக்கு வேறு சிரமம் ஏதும் இருப்பதாகத் தோன்றினால் குறைபாடுள்ள மாணவர்களுக்கான 504 திட்டத்தின் கீழ் கூடுதல் நேரம் போன்றவை கிடைக்கலாம். கேட்டால்தான் பெரும்பாலும் தொடங்கும்.

டியூஷன் வேண்டாம் என்றே சொல்வேன், குறைந்தது இந்தப் பருவத்துக்கு. இலக்கணப் பயிற்சித் தாள் நிரப்பும் மையத்தில் சேர்த்தால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் செய்வான், விளக்கம் அப்படியே நிற்கும். உங்கள் பள்ளியில் கட்டுரை எழுத உதவும் ரைட்டிங் சென்டர் இருந்தால், வரைவோடு அங்கே போகட்டும், இலவசம்தான். வீட்டில் நீங்களே செய்யக்கூடியதும் உண்டு, அதற்கு உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கட்டுரை கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், அவன் எடுத்துக்கொண்ட மேற்கோளைத் தமிழில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவன் சொல்லி முடித்ததும் “சரி, அதனால் என்ன?” என்று கேளுங்கள். பதில் சொன்னதும் இன்னொரு தரம் கேளுங்கள். இரண்டாவது தரம் அவன் யோசித்துச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பத்தியில் எழுதாமல் விட்ட வாக்கியமாக இருக்கும். உடனே அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மறுநாள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.